மில் வந்ததால் கரண்ட் வந்ததா, கரண்ட் வந்ததால் மில் வந்ததா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் வரை போய் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது என்று எழுதியிருந்தேன். இவ்வளவு கரண்ட்டும் எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பைக்காராவில் கரண்ட் எடுத்ததால்தான் கோயம்புத்தூருக்கு மில் வந்தது என்று எங்கள் தாத்தா சொல்வார். மில்கள் அதற்கு முன்பே இருந்தன என்கிறார் எங்கள் பேராசிரியர். எது சரி?
– பொறியியல் மாணவர், கோவை

மில்தான் முதலில் வந்தது தம்பி. ஸ்டேன்ஸ் மில் 1888-லேயே வந்துவிட்டது, லட்சுமி மில்ஸ் 1910-ல். ஆனால் கோவை மில்களின் ஊராக ஆனது பைக்காராவுக்குப் பிறகுதான், அந்த அளவில் உங்கள் தாத்தா பக்கம்தான் நான் நிற்பேன்.

அப்போதைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் கரிசல் மண், பருத்தி விளைகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வருவதால் நூல் அறுந்துபோகாமல் நூற்க ஏற்ற பருவநிலை. விவசாயத்தில் சேர்த்த பணத்தைத் தொழிலில் போடத் துணிந்த குடும்பங்களும் இருந்தன. இல்லாதது எரிபொருள் மட்டும்தான். நீராவி எஞ்சினை ஓட்ட நிலக்கரி எங்கோ தூரத்திலிருந்து ரயிலில் வந்து சேர வேண்டும், அந்தச் செலவைத் தாங்குகிறவர் மட்டும்தான் மில் போட முடியும். 1920-களின் முடிவு வரை கோவை மில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை இருந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் 1929-ல் தொடங்கி 1932-ல் ஓட ஆரம்பித்தது. சி.பி. ராமசாமி ஐயர் சென்னை மாகாண நிர்வாக சபையில் இருந்தபோது பைக்காராவுக்கும் மேட்டூருக்கும் விடாமல் வாதாடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பைக்காரா தண்ணீரைக் குழாய் வழியாக 3,000 அடிக்கும் மேல் கீழே இறக்கி, சிங்காராவில் இருக்கும் நிலையத்தில் விசையாழியைச் சுற்ற வைத்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து விழும்போது கொஞ்சம் தண்ணீரே நிறைய மின்சாரம் கொடுக்கும். அந்த மின்சாரம் சமவெளிக்கு இறங்கியதும் 1930-களில் கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் மில்கள் வரிசையாக வந்தன. நிலக்கரிக் கிடங்கு வேண்டாம், பாய்லர் வேண்டாம், மோட்டாரை வாங்கி மாட்டினால் போதும் என்றான பிறகு, நடுத்தர முதல் வைத்திருந்தவரும் மில் நடத்தலாம் என்றாயிற்று.

இதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கோவைப் பக்கம் கிணறுகள் ஆழமானவை, மாடு பூட்டிக் கவலை ஏற்றித்தான் தண்ணீர் இறைப்பார்கள். மில்லுக்கு வந்த கம்பி தோட்டத்து வழியாகப் போனதும், கிணற்றுக்கு மோட்டார் வைக்க முடியுமா என்று விவசாயி கேட்டார். மோட்டாருக்கும் பம்புக்கும் கிராக்கி வந்தது, வார்ப்பட ஆலைகள் முளைத்தன, 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இங்கேயே மின்மோட்டார் செய்துகாட்டினார்கள். அந்த மோட்டார் ஒவ்வொன்றும் மறுபடி மின்சாரம் கேட்டது. ஆக, மில்லுக்காக எடுத்த மின்சாரம் வாங்குவதற்குப் புதிய ஆட்களைத் தானே உண்டாக்கியது, அந்தப் புதிய ஆட்களுக்குப் பைக்காரா போதவில்லை. பின்னால் மேட்டூர், பாபநாசம் நீர்மின் நிலையங்களையும் சேர்த்து மூன்றையும் ஒரே வலைப்பின்னலாக இணைக்க வேண்டியதாயிற்று. தொழில் வளர்கிற எந்த வட்டாரத்தை எடுத்தாலும் தேவையைப் போட்ட கணக்கு பொய்த்துப்போவதற்குக் காரணம் இதுதான். ஆலைக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள், ஆலை வந்ததால் அதைச் சுற்றி வருகிறவர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று யாரும் போடுவதில்லை.

மேட்டூர் அணையை ஒட்டி இவ்வளவு ரசாயனத் தொழிற்சாலைகள் வந்தது ஏன்? தண்ணீருக்காகவா?
– ஆசிரியை, மேச்சேரி

தண்ணீரும் காரணம், மின்சாரம் அதைவிடப் பெரிய காரணம். அணை 1934-ல் முடிந்தது, அணை மின்நிலையம் 1937-ல் ஓட ஆரம்பித்தது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தித்தான் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். அலுமினியமும் அப்படித்தான், ஒரு கிலோ அலுமினியத்துக்கு 14, 15 யூனிட் மின்சாரம் வரை ஆகும். இந்த மாதிரித் தொழில்களில் மின்சாரம் மூலப்பொருள் போல, அதனால் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடித் தொழில் போகும். 1960-களில் மேட்டூருக்கு வந்த அலுமினிய ஆலையும் பிற்காலத்தில் நிலக்கரியில் ஓடும் சொந்த மின்நிலையத்தைக் கட்டிக்கொண்டது, இருந்தும் 2008-ல் அலுமினியம் உருக்குவதை நிறுத்திவிட்டது.

எங்களிடம் விசைத்தறி இருக்கிறது, கூலிக்கு நெய்கிறோம். 2008-லிருந்து 2014 வரை நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. அதற்கு முன்பு கரண்ட் நன்றாகத்தானே இருந்தது? திடீரென்று ஏன் அப்படி ஆனது? மறுபடி வருமா?
– விசைத்தறி உரிமையாளர், பல்லடம்

ஐயா, திடீரென்று ஆகவில்லை, திடீரென்று தெரிந்தது.

2000-த்தை ஒட்டிய வருடங்களில் என்னென்ன நடந்தன என்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், மறைமலைநகரில் ஃபோர்டு, ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகள், பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு பகலாக ஏசி ஓடும் ஐ.டி. கட்டடங்கள். திருப்பூர் ஏற்றுமதியும் ஏறிக்கொண்டே போனது. சம்பளம் வந்தது, தவணையில் ஏசியும் ஃப்ரிட்ஜும் வீட்டுக்கு வந்தன. தேவை வருடத்துக்கு வருடம் கூடியது.

அதே காலத்தில் மாநில மின்வாரியம் புதிதாகக் கட்டி முடித்த பெரிய அனல்மின் நிலையம் என்று எதுவும் இல்லை. வடசென்னை முதல் நிலையம் 1996-ல் முழுமையடைந்தது, அதற்கடுத்த பெரிய யூனிட்டுகள் (மேட்டூரில் 600 மெகாவாட், வடசென்னை இரண்டாம் நிலை, வல்லூர்) எல்லாம் 2012-லிருந்துதான் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. கூடங்குளம் முதல் உலை 2013 அக்டோபரில்தான் மின்தொகுப்போடு இணைந்தது. ஓர் அனல்மின் நிலையத்தைத் திட்டமிட்டு, கட்டி, ஓட்ட ஏழெட்டு வருடம் ஆகிவிடும். கார் ஆலை இரண்டு வருடத்தில் எழுந்துவிடும், உங்கள் பக்கத்து ஷெட்டில் தறி போட இரண்டு மாதம் போதும். இந்த வேக வித்தியாசத்தை முன்கூட்டியே பார்த்து ஏற்பாடு செய்வதுதான் திட்டமிடுகிறவர்களின் வேலை, அது நடக்கவில்லை. 2003-லிருந்து 2010 வரை கட்டணத்தைத் திருத்தவும் இல்லை, வாரியத்தின் கடன் ஏறியது, கையில் காசு இல்லாத வாரியம் வெளியிலிருந்து வாங்கவும் திணறியது.

அப்படியே காசு இருந்து வெளிமாநிலத்தில் மின்சாரம் வாங்கினாலும் கொண்டுவர வழியில்லை. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அன்றைக்குத் தென்மாநிலங்களின் மின்தொகுப்பு தனியாக இருந்தது, வடக்கிலிருந்து வரும் கம்பிகள் குறைவு. 2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா முழுக்க இருண்டபோது நாம் தப்பித்ததும் அப்படித் தனியாக இருந்ததால்தான். ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் முடிந்து, 2013 டிசம்பர் 31 அன்றுதான் தென்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு சேர்ந்தது. பல்லடத்துத் தறிக்கும் அந்த லைனுக்கும் இருக்கிற தொடர்பை எவ்வளவு சொன்னாலும் தகும்.

அந்த வருடங்களில் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதையும் பேச வேண்டும். 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு, மற்ற மாவட்டங்களில் பல ஊர்களுக்கு 14 மணி நேரம் வரை. ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு வைத்திருந்த ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு, மாலை உச்சநேரத்தில் ஒப்பந்த அளவில் 10 சதவீதம்தான் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு. பெரிய ஆலை டீசல் ஜெனரேட்டர் வைத்து, இரண்டு மூன்று மடங்கு விலையில் ஓட்டிச் சமாளித்தது. எட்டுத் தறி வைத்திருப்பவர் எந்த ஜெனரேட்டரை வைப்பார்?

நூற்பாலையிலும் இதே அவதிதான். கரண்ட் போனால் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரம் நிற்கும். ஆயிரம் கதிர் இருக்கிற ஒரு ஃபிரேமில் திரும்ப ஓட்டும்போது நிறைய இழை அறுந்திருக்கும், சைடர் வேலை பார்க்கும் பெண் நடந்துகொண்டே ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்து நிமிரும்போது அடுத்த கட். அந்த நேரத்தில் உற்பத்தி இல்லை, காற்றில் ஈரம் காக்கும் பிளாண்ட்டும் நின்றிருப்பதால் நூலின் தரமும் போய்விடும். மணிக்கணக்கில் சொல்லப்படும் மின்வெட்டு, ஆலைக்குள் அதைப்போல இரு மடங்கு நேரத்தைத் தின்றது.

மறுபடி வருமா என்கிறீர்கள். அந்த மாதிரி வருடக்கணக்கில் நீளும் பற்றாக்குறை வர வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன், இப்போது கம்பி இருக்கிறது, மின்சாரம் வாங்கச் சந்தை இருக்கிறது. சாயங்கால நேரம்தான் இனி கஷ்டம். அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் காற்றாடி. ஆனால் ஓனர் எல்லாம் திருப்பூர், கோவை மில்காரர்கள். இங்கே சுற்றுவதை அங்கே எப்படிக் கொண்டுபோகிறார்கள்? தனிக் கம்பி போட்டிருக்கிறார்களா?
– விவசாயி, உடுமலைப்பேட்டை

தனிக் கம்பி இல்லை. உங்கள் ஊர்க் காற்றாடியில் வரும் மின்சாரம் பக்கத்துத் துணை மின்நிலையத்துக்குப் போய் எல்லோருடைய மின்சாரத்தோடும் கலந்துவிடும். மீட்டர் மட்டும் இன்னாருடைய காற்றாடி இத்தனை யூனிட் கொடுத்தது என்று குறித்துவைக்கும். மாதக் கடைசியில் அந்த யூனிட்டுகளை, கம்பியில் போகும் இழப்பையும் கம்பிக்கான கட்டணத்தையும் கழித்துக்கொண்டு, மில்லின் பில்லில் வரவு வைப்பார்கள். காற்று சீசன் மே, ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் என்பதால், அப்போது மிஞ்சும் யூனிட்டை வாரியத்திடம் சேர்த்துவைத்துவிட்டுக் காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் வசதியும் வைத்தார்கள். மில்காரர்கள் இதைப் பேங்கிங் என்பார்கள்.

1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் சோதனையாக ஆரம்பித்தது இது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் கணவாய் இருக்கிற இடமெல்லாம் காற்று அடித்துக்கொண்டு வரும், அங்கெல்லாம் காற்றாலை வந்தது. 1990-களில் மில்காரர்கள் இதில் இறங்க இரண்டு காரணம். ஒன்று வருமான வரி. காற்றாலையில் போட்ட முதல் முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாகக் காட்டலாம் என்று மத்திய அரசு சலுகை கொடுத்திருந்தது (பின்னால் அது 80 சதவீதமாகி, இப்போது 40). வரிக்காகவே காற்றாடி நட்டுவிட்டு அது சுற்றுகிறதா என்று பார்க்காதவர்களும் அன்று உண்டு. இரண்டாவது காரணம்தான் நிலைத்தது: நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்து பெரிய செலவு மின்சாரமும் கூலியும், மின்வெட்டும் கட்டண உயர்வும் மாறி மாறி வந்தபோது சொந்தக் காற்றாடி வைத்திருந்தவர்தான் தாக்குப்பிடித்தார்.

உலகத்தில் எத்தனையோ நாடுகள் காற்றாலைக்குக் கொள்கை வகுத்து, வங்கி வைத்து, கம்பெனி வைத்துச் செய்த வேலையை, இங்கே நூல் நூற்கிறவர்களும் பனியன் தைக்கிறவர்களும் தங்கள் பிழைப்புக்காகச் செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது என்றால் அதில் ஜவுளித் தொழிலின் பங்கு பெரியது. மின்சாரத்தை வாங்குகிற தொழிலே மின்சாரத்தை உண்டாக்குகிற தொழிலாகவும் மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கிற வருத்தம் நியாயமானது. நிலத்தை ஒரே தடவை விலைக்கு வாங்கிவிட்டார்கள், சுற்றுவதில் வரும் வருமானத்தில் ஊருக்கு ஒன்றும் இல்லை. பழைய 225, 250 கிலோவாட் காற்றாடிகளைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் இரண்டு மூன்று மெகாவாட் காற்றாடி நடும் வேலை இப்போது ஆரம்பமாகிறது. அப்போதாவது நில உரிமையாளருக்குக் குத்தகையோ பங்கோ கொடுக்கும் ஏற்பாடு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். கம்பெனியில் ஒரு நிமிடம் கரண்ட் போகாது. ரூமுக்கு வந்தால் ஃபேன் சுற்றாது, லோ வோல்டேஜ். ஒரே ஊரில் ஏன் இப்படி?
– ஷிஃப்ட் தொழிலாளி

கம்பெனிக்கு 33 அல்லது 110 கிலோவோல்ட்டில் துணை மின்நிலையத்திலிருந்தே நேராக லைன் போகிறது. நீங்கள் இருக்கும் ரூமுக்கு வருவது ஊருக்குள் பிரிந்து போகும் 11 கிலோவோல்ட் லைனின் (ஃபீடர்) வாலில் தொங்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. அது போடப்பட்டபோது அங்கே நாற்பது வீடு இருந்திருக்கும். இன்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் கொல்லையில் பத்து ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார், ரூமுக்கு ஒரு ஃபேன், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, சிலவற்றில் ஏசி. அனுமதி வாங்கிய லோடு பழையதாகவே இருக்கிறது, அதனால் ஈபி கணக்கில் அந்தத் தெருவுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் தேவையே இல்லை. ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சுவிட்சைப் போடும்போது கம்பியின் கடைசியில் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது.

சிப்காட் தொழிற்பேட்டை அமைக்கும்போது ஆலைக்கு வேண்டிய மின்சாரத்துக்குத் திட்டம் போடுகிறார்கள், அதில் வேலை செய்யப்போகிற ஆயிரக்கணக்கானவர்கள் எங்கே தூங்குவார்கள் என்பதற்குப் போடுவதில்லை. முதல் பதிலில் சொன்ன அதே குறைதான். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக்காரரிடம் சொல்லிக் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், தெருவில் நாலு பேர் சேர்ந்து எழுத்து மூலம் உதவி செயற்பொறியாளரிடம் வோல்டேஜ் புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். பதிவில் இல்லாத லோடுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வராது.

எல்லோரும் கரண்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் சாயப்பட்டறையில் விறகுச் செலவும் கரண்ட் பில்லோடு போட்டி போடுகிறது. அதை ஏன் யாரும் எழுதுவதில்லை?
– சாயப்பட்டறை மேலாளர், திருப்பூர்

நல்ல கேள்வி, எழுத வேண்டிய கேள்வி. தொழிலுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கு வெப்பம். துணியைச் சாயத்தில் வேகவைக்கவும் அலசவும் உலர்த்தவும் நீராவி வேண்டும், அதற்குப் பாய்லர், பாய்லருக்கு விறகு. சீமைக்கருவேலமும் தோப்புக் கழிவும் லாரி லாரியாகத் திருப்பூருக்குப் போவது இதற்காகத்தான். இந்தக் கணக்கு மெகாவாட்டில் வராது என்பதால் பேச்சிலும் வருவதில்லை.

சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், ஒரு சொட்டுக் கழிவுநீரைக்கூட வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டுக்குப் பிறகுதான் திறந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த ஏற்பாடு எவ்வளவு ஆற்றல் கேட்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கழிவுநீரை அதிக அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளி நல்ல தண்ணீரைப் பிரிக்க வேண்டும், அதற்குப் பம்ப். மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சிக் காய்ச்சித் தண்ணீரை ஆவியாக்கி உப்பை எடுக்க வேண்டும், அதற்கு நீராவியும் மின்சாரமும். அதாவது ஆற்றைக் காப்பாற்றுவதற்கே தனியாக ஆற்றல் வேண்டும். முன்பு அந்தச் செலவு பில்லில் இல்லை, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயி தன் வயலில் கட்டினார். இப்போது அது உங்கள் பில்லில் வருகிறது. கஷ்டம்தான், ஆனால் வர வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது.

எங்கள் நிலத்தை எடுத்துத்தான் மற்றவர்களுக்கு வெளிச்சமா? நெய்வேலியில் மட்டும் ஏன் இத்தனை மின்நிலையம்?
– விவசாயக் குடும்பத்துப் பெண், சேத்தியாத்தோப்பு

அம்மா, முதலில் இரண்டாவது கேள்வி. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். ரயிலில் ஏற்றித் தூரத்துக்குக் கொண்டுபோனால் பாதிக்குப் பாதி தண்ணீரைச் சுமந்த கூலிதான். அதனால் வெட்டுகிற இடத்திலேயே எரிக்க வேண்டும், மின்சாரமாக மாற்றிக் கம்பியில்தான் அனுப்ப வேண்டும். 1957-ல் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார், சோவியத் உதவியோடு கட்டிய மின்நிலையத்தின் முதல் யூனிட் 1962-ல் ஓடியது. மழை பொய்த்தால் நீர்மின்சாரம் போய் மில்களுக்கு வெட்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது, மழையை நம்பாத மின்சாரம் என்பது அன்றைய தொழில்துறைக்குப் பெரிய விஷயம். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருப்பதால், சுரங்கத்துக்குள் வெள்ளம் புகாமல் இருக்க இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுவட்டாரக் கிணறுகளைப் பற்றி உங்கள் பக்கத்து விவசாயிகள் சொல்லும் புகாருக்கு இதுதான் அடிப்படை.

முதல் கேள்விக்கு வருகிறேன். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் நிற்கிற வயலில் மண்ணள்ளும் இயந்திரம் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க முடியாது. கால்வாய் வெட்ட அந்த நிலம் ஏற்கனவே கையகப்படுத்தப்பட்டது என்று சுரங்க நிர்வாகம் சொன்னது, காகிதத்தில் அது சரியாக இருக்கலாம். அறுவடைக்குக் காத்திருக்க முடியாத அவசரம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆலை வளர்ச்சியின் லாபம் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கணக்கில் ஏறுகிறது, நஷ்டம் கடலூர் மாவட்டத்திலும், சாம்பல் கொட்டிய எண்ணூர்க் கழிமுகத்திலும் எழுதப்படுகிறது. இழப்பீட்டை ஒரே தடவை பணமாகக் கொடுத்துவிட்டுக் கைகழுவுவதை மாற்றி, நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தர வேலை என்பதையே சட்டப்படியான உரிமையாக்க வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

உயர்மின் கோபுரம் எங்கள் தென்னந்தோப்பு வழியாகப் போகிறது. கம்பியைப் பூமிக்கு அடியில் போட முடியாதா?
– காங்கயம் வாசகர்

முடியும், செலவு பல மடங்கு. சத்தீஸ்கரில் இருக்கும் ராய்கரிலிருந்து புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் வருகிற 800 கிலோவோல்ட் நேர்மின் லைனைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், 6,000 மெகாவாட் கொண்டுவரக்கூடியது. பல்லடத்து ஐயாவுக்குச் சொன்ன பதிலில் கம்பி இல்லாமல் பட்ட பாட்டைச் சொன்னேன், அந்தக் குறையைத் தீர்க்கும் கம்பி இது. ஆனால் புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும்போது அதே தொடரின் ஒரு பகுதியைக் கேரளத்தில் பூமிக்கு அடியில் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று 2018-ல் கொங்குப் பகுதி விவசாயிகள் போராடிக் கேட்டார்கள், அதற்கு நேரான பதில் கடைசி வரை வரவில்லை.

சூரிய ஒளி இவ்வளவு இருக்கிறது. இனி வருகிற ஆலைக்கெல்லாம் சோலார் போதாதா? நான் மின்னியல் படிக்கிறேன், எந்தப் பக்கம் போகலாம் என்றும் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பகலுக்குப் போதும் என்று சொல்லும் நிலை வந்துகொண்டிருக்கிறது. 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் வந்தபோது அதுவே பெரிய செய்தி, இன்று மாநிலத்தில் சோலார் 9,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. உங்கள் ஊர் கங்கைகொண்டானிலேயே சோலார் செல் செய்கிற பெரிய ஆலை இருக்கிறது.

சிக்கல் மாலை ஆறு மணிக்கு. சோலார் இறங்குகிற அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் ஏசியும் ஏறுகின்றன, ஆலைகளின் இரண்டாவது ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும், டேட்டா சென்டர் மாதிரி புதிதாக வருகிற லோடு இரவென்றும் பகலென்றும் பார்க்காது. ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான மெகாவாட்டை வேறு எங்கிருந்தாவது ஏற்ற வேண்டும். நிலக்கரி நிலையம் அவ்வளவு வேகமாக ஏறாது, இறங்கவும் இறங்காது. ஜூன், ஜூலையில் காற்று கைகொடுக்கும், ஏப்ரலில் அதுவும் இல்லை. அதனால்தான் சந்தையில் மாலை நேர யூனிட் கொள்ளை விலைக்குப் போகிறது, அதனால்தான் ஹெச்.டி. ஆலைகளுக்கு உச்சநேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம்.

இதற்கு ஒரு பழைய வழி நம்மிடமே இருக்கிறது. ஆழியாருக்கு மேலே காடம்பாறையில், மின்சாரம் மிஞ்சும்போது கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள், 1980-களின் கடைசியிலிருந்து இது நடக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டப்படுகிறது, ரொம்ப வருடமாகக் கட்டப்படுகிறது. பேட்டரியும் வரத் தொடங்கியிருக்கிறது.

இன்னொரு வழி வேலையையே பகலுக்கு நகர்த்துவது. நூற்பாலையை நகர்த்த முடியாது, அது மூன்று ஷிஃப்ட்டும் ஓடியாக வேண்டும். ஆனால் சாயப்பட்டறையின் சுத்திகரிப்பு, குளிர்பதனக் கிடங்கில் குளிரைச் சேர்த்துவைப்பது, வார்ப்பட ஆலையில் இரும்பு உருக்குவது, தோட்டத்து மோட்டார், இவற்றில் எவ்வளவோ பகல் பத்து மணியிலிருந்து நாலு மணிக்குள் அடங்கும். உச்சநேரத்துக்கு அபராதம் மாதிரி கூடுதல் போடுகிறவர்கள், பகல் நேரத்துக்குச் சலுகை கொடுத்தால் பட்டறைக்காரர் தானாகவே நகர்ந்துவிடுவார். சிறு தொழில்களுக்கு 2022-ல் நிலைக்கட்டணத்தை ஏற்றிவைத்ததால், மெஷினை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் பணம் என்றாகிவிட்டது, நேரம் பார்த்து ஓட்ட அவருக்கு இப்போது ஆர்வமே இல்லை.

நீங்கள் எந்தப் பக்கம் போகலாம் என்றால், பேனல் மாட்டுவதற்கு ஆள் நிறையக் கிடைக்கிறார்கள், நாளைக்கு மாலை ஆறரை மணிக்குக் கோவையிலும் ஒரகடத்திலும் எவ்வளவு லோடு வரும், காற்று எவ்வளவு இருக்கும் என்று இன்றைக்கே கணித்துச் சொல்கிறவர்கள் குறைவு. மின்தொகுப்பு இயக்கம், பாதுகாப்பு ரிலே, லோடு கணிப்பு, இந்த மூன்றில் ஒன்றை ஆழமாகப் படியுங்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு உங்கள் கல்லூரிக்குக் கரண்ட் கொடுக்கும் ஃபீடரின் ஒரு வருட லோடு விவரத்தைத் துணை மின்நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கல்லூரி முதல்வரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கொடுப்பார்கள்.